குற்றம் கருப்பை மேல் இல்லை

நாற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று நொடி போதும். அந்த நொடிகளில் அவள் உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. மூச்சு நிற்கிறது; நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் கீழே அழுந்துகிறது; வயிற்றுத் தசைகள் உள்ளே இறுகுகின்றன; முதுகு விறைக்கிறது. மேலேயும் முன்னேயும் பின்னேயும் நெருக்கப்பட்ட அழுத்தத்துக்குப் போக ஒரே திசைதான் மிச்சம், அது கீழே. அங்கே அதை எதிர்த்து நிற்பது எலும்பு அல்ல, ஒரு விரல் பருமன்கூட இல்லாத தசை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளலூரை எடுத்துக்கொண்டாலும் சரி, உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிப்பாசனக் கிராமம் எதை எடுத்துக்கொண்டாலும் சரி, இயந்திரங்கள் வந்த பிறகும் நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருக்கின்றன. அந்தப் பெண்களில் சிலர் ஒருநாள் தோழியிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி, 'அடி இறங்கியிருக்கு' என்கிறார்கள். இருமினால் சிறுநீர் சொட்டுகிறது, குந்தினால் கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது, சாயங்காலம் ஆனால் அடிவயிறு இழுக்கிறது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அதைக் கர்ப்பப்பையின் கோளாறு என்றும், பெண்ணாகப் பிறந்ததன் பலன் என்றும் நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு தசையின் காயம். கையில், காலில் பட்ட காயத்துக்கு என்ன செய்வோமோ, அதாவது ஓய்வு, பயிற்சி, சிகிச்சை, அதையே இதற்கும் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம். இடுப்புக்கூடு ஒரு வளையம். இரண்டு பக்கமும் இரண்டு இடுப்பெலும்புகள்; பின்னால், ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டி ஒன்றான திருவெலும்பு; அதன் நுனியில் வால் எலும்பு. இடுப்பில் கை வைத்து நிற்கும்போது கைக்குத் தட்டுப்படுவது இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. வெறுந்தரையில் நெடுநேரம் உட்கார்ந்தால் உறுத்துவது அதன் கீழ்முனை. அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கத்தில், இரண்டு இடுப்பெலும்புகளும் ஒரு குருத்தெலும்புத் துண்டின் மூலம் சேர்கின்றன. பெண்ணுக்கு இந்த வளையம் ஆணைவிட அகலமாகவும், முன்பக்கத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள கோணம் விரிந்தும் இருக்கும். கர்ப்ப காலத்தில் சுரக்கும் சுரப்புநீர்கள் இந்த மூட்டுகளின் பிணைப்புகளை இன்னும் நெகிழ்த்துகின்றன. நிறைமாதத்தில் நடக்கும்போது இடுப்பு கழன்றுபோவது போல் வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வளையம் என்றாலே நடுவில் திறப்பு இருக்கும். நான்கு காலில் நடக்கும் பிராணிகளுக்குக் குடலின் எடை வயிற்றுச் சுவரில் தொங்குகிறது. நாம் நிமிர்ந்து நடப்பதால் அந்த எடையில் பெரும்பங்கு இந்தத் திறப்பின் மேல் வந்து விழுகிறது.

திறப்பை மூடியிருப்பது இடுப்புத்தளம் என்ற தசை. இரண்டு முனையும் கட்டிய புடவைத் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனை முன்பக்க எலும்பில், மறுமுனை வால் எலும்பில், ஓரங்கள் இரண்டு பக்கச் சுவரிலும் பிடித்திருக்கின்றன. அதன்மேல் முன்னிருந்து பின்னாகச் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அமர்ந்திருக்கின்றன. மருத்துவ மாணவர்கள் லெவேட்டர் ஏனை என்று படிக்கும் இந்தத் தசைத் தொகுதியின் பூர்வீகம் வியப்பானது. வாலுள்ள பிராணிகளில் வாலை ஆட்டவும், பயந்தால் கால்களுக்கு நடுவே மடக்கவும் உதவும் தசைகளே மனிதரில் உறுப்புகளைத் தாங்கும் வேலைக்கு வந்திருக்கின்றன. தொகுதியின் ஒரு பகுதி மலக்குடலைப் பின்புறமாக வளைத்து முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பினால் மலக்குடல் ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி, நாம் நினைக்கும்வரை மலம் வராமல் காக்கிறது. குந்தி உட்காரும்போது மடிப்பு நிமிர்ந்துகொடுக்கிறது. நம் ஊர்க் கழிப்பறையில் அதிகம் முக்க வேண்டியிராததற்கு இதுவே காரணம். முழங்கால் வலியால் மேற்கத்திய கழிப்பறைக்கு மாறியவர்கள் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டுக்கொண்டால் ஓரளவு அதே பலன் கிடைக்கும். இன்னொன்று. கைத்தசையும் கால்தசையும் நாம் படுத்தால் ஓய்ந்துவிடுகின்றன. இந்தத் தசை அப்படியல்ல. நாம் தூங்கும்போதும் மெல்லிய இறுக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது, மலமும் சிறுநீரும் கழிக்கும் நேரத்தில் மட்டும் தளர்கிறது. அந்த ஓயாத இறுக்கம்தான் மேலேயிருக்கும் பிணைப்புத் திசுக்களைக் காப்பாற்றுகிறது. தசை தளர்ந்துவிட்டால் முழு எடையும் கருப்பையை இடுப்புச் சுவரோடு பிணைக்கும் நார்த் திசுக்களின் மேல் விழும். வருடக்கணக்கில் இழுபட்டால் அவையும் நீண்டுவிடும். கருப்பை இறங்குவது இந்த வரிசையின் கடைசியில்தான். சிறுநீர்ப்பையின் சுவரோ மலக்குடலின் சுவரோ கருப்பைக்கு முன்பே யோனிக்குள் பிதுங்கி வருவதும் உண்டு.

தசைக்கு முதல் பெரிய அடி பிரசவத்தில் விழுகிறது. நிறைமாதக் குழந்தையின் தலை, மிகக் குறுகலான வாகில் வரும்போதும், குறுக்களவில் 9.5 சென்டிமீட்டர் இருக்கும். அது வெளியே வர இந்தத் தசை எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். நடுப்பகுதித் தசை தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். உடம்பில் வேறு எந்தத் தசை அப்படி இழுபட்டாலும் அறுந்துபோகும். கர்ப்ப காலத்தில் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்வதால் பெரும்பாலான பெண்களுக்கு அது அறுவதில்லை என்பது இயற்கையின் பெரிய சாதனை. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அதே பல்கலைக்கழகத்தில் ஜான் டெலான்சி குழுவினர் முதல் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற பெண்களை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தசையில் சேதம் தெரிந்தது. குழந்தையே பெறாத பெண்களில் ஒருவருக்கும் அது இல்லை. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பிரசவ அறையில் தையல் போடுவது வாசலில் கிழிந்த தோலுக்கும் அதையொட்டிய தசைக்கும்தான். உள்ளே, எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் லெவேட்டர் தசை பிய்ந்திருந்தால் அது வெளிக்கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தையலும் விழாது. தாயும் சேயும் நலம் என்று எழுதப்படும் நாளில், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் ஒரு காயத்தோடு அந்தப் பெண் வீட்டுக்குப் போகக்கூடும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்துக் கிராமங்களில் தலித் பெண்கள் 1981-இல் ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து ரூசெக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது காஞ்சிபுரமும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அடி இறங்கிய பெண்களிடம் நேரில் பேசி இவர்கள் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. இது கிழவிகளின் நோய் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பதில். பிள்ளை பெறும் வயதிலேயே தொல்லை தொடங்கிவிடுவதையும், அதைச் சுமந்துகொண்டே பெண்கள் கூலி வேலைக்குப் போவதையும், தாம்பத்தியத்தில் அதனால் வரும் சிக்கல்களையும், சிகிச்சை தேடாமலே ஆண்டுகள் கழிவதையும் அந்தப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். நம் சமூகம் இதை அறியாமலும் இல்லை. பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்லித் தாய்வீட்டில் உட்காரவைத்து, குடம் தூக்காதே, குனிந்து பெருக்காதே என்று கட்டுப்படுத்தியதில் நல்ல உடற்கூற்று அறிவு இருந்தது. ஆனால் அந்த ஓய்வு, உட்கார்த்தி வைத்துச் சோறு போட முடிந்த வீட்டுப் பெண்ணுக்கே கிடைத்தது. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் பச்சை உடம்பு நடவுக்குப் போனது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் ஏற்றம் இறைத்தார்கள், உரலில் இடித்தார்கள், அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்று. ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லும் சூழல் அமைந்தபோது என்ன வெளிவந்தது என்பதை நேபாளம் காட்டியது. மலையேறிச் சுமை தூக்கும் அந்நாட்டுப் பெண்களிடையே கருப்பை இறக்கம் பரவலாக இருப்பது தெரியவந்து, வழக்காகி, 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை பறிபோவதாகவே பார்த்து அரசுக்கு உத்தரவிட்டது. வேலை செய்தால் தசை வலுப்படும்தானே என்ற கேள்வியும் நியாயமானதுதான். வலுப்படும், தசை முழுதாக இருந்து, அழுத்தம் வரும்போது அதுவும் சேர்ந்து இறுகினால். பிய்ந்த, நரம்பு தளர்ந்த தசைமேல் மீண்டும் மீண்டும் விழும் சுமை அதை வலுப்படுத்தாது. அதோடு நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் எல்லாம் சேர்ந்தால், இருபத்தைந்து வயதில் பட்ட காயம் ஐம்பது வயதில் வெளியே தெரியும்.

அப்படியென்றால் சிசேரியன் செய்துகொண்டால் தப்பிக்கலாமே என்று படித்த குடும்பங்களில் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்தத் தசையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அந்த அளவு உயரவில்லை. சிசேரியன் ஆபத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. இல்லாமல் ஆக்குகிறது என்பது உண்மையல்ல. சுவீடனில் ஒரே ஒரு குழந்தை பெற்ற பெண்களை இருபது ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, சுகப்பிரசவமானவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும் சிசேரியன் ஆனவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் இறக்கத்தின் அறிகுறிகள் இருந்தன. அதே எண்களை மறுபக்கமிருந்து பார்த்தால், சுகப்பிரசவமான நூறு பேரில் எண்பத்தைந்து பேருக்கு இருபது ஆண்டு கழித்தும் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் எல்லோரையும் கத்திக்கு அனுப்பி, அடுத்த பிரசவங்களில் நஞ்சுக்கொடிச் சிக்கல்களுக்கு ஆளாக்குவது வைத்தியம் ஆகாது.

இதைவிட ஆபத்தான எண்ணம் ஒன்று கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. பிள்ளை பெற்றாகிவிட்டது, குடும்பக் கட்டுப்பாடும் ஆகிவிட்டது, இனி இந்தப் பை எதற்கு, எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்பது அது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். ஆந்திரத்தில் அது 8.9 சதவீதம். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. முழுதாக வெளியே வந்துவிட்ட கருப்பைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதைச் செய்யும் மருத்துவர்கள் யோனியின் மேல்முனையை உள்ளேயுள்ள வலுவான திசுக்களோடு சேர்த்துக் கட்டுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீழே தாங்கும் தசை தளர்ந்திருக்கும்போது, மேலேயிருக்கும் பையை மட்டும் எடுப்பதால் தசை சரியாகிவிடாது. பை போன இடத்துக்கு யோனியின் மேல்முனையே பிறகு இறங்கி வரலாம். குற்றம் கருப்பை மேல் இல்லை என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

தசைக்கு வைத்தியம் தசையிலேயே இருக்கிறது. 1948-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் ஆர்னால்ட் கெகெல், பிரசவித்த பெண்களுக்கு இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். மூலபந்தம் என்ற பெயரில் ஹடயோகம் இதற்கு ஒத்த ஒன்றை முன்பே அறிந்திருந்தது, அதன் நோக்கம் வேறாக இருந்தாலும். இன்று சான்று திரண்டிருக்கிறது. இருமும்போது சிறுநீர் சொட்டும் தொல்லைக்கு, உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2018-இல் சொன்ன கணக்கு இது: பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர். இறங்கிய உறுப்புகளுக்கும் பயிற்சி அறிகுறிகளைக் குறைக்கிறது என்று பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் 447 பெண்களிடம் செய்து 2014-இல் வெளியான சோதனை காட்டியது. செய்முறை எளிது. அபான வாயுவை அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் கீழ்த்தசையை உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொடையும் பிட்டமும் வயிறும் சும்மா இருக்க வேண்டும், மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் விட வேண்டும். பழகப் பழகப் பத்துவரை போகலாம். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதை மட்டும் வழக்கமாக்கக் கூடாது. நடவுப் பெண்ணுக்கு இதைவிட உடனே பயன்படுவது இன்னொன்று: இருமும் முன், தும்மும் முன், கட்டைத் தூக்கும் முன், அந்தத் தசையை முதலில் இறுக்கிக்கொள்வது. இலேசான கசிவுள்ள பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததில், ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது வெகுவாகக் குறைந்ததை மிச்சிகன் குழுவே 1998-இல் பதிவு செய்தது. முழுதாக வெளியே வந்துவிட்ட நிலைக்கு இவை போதாது. அதற்கு உள்ளே பொருத்தும் வளையமோ அறுவைச் சிகிச்சையோ வேண்டும். வளையத்தை மருத்துவர் அளவு பார்த்துப் பொருத்துவார், கத்தி வேண்டியதில்லை. ஆண்களுக்கும் இதே இடுப்புத்தளம் உண்டு. புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் அடங்காமல் தவிப்பவர்களுக்கும் இதே பயிற்சியைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு கடைசியாக வருவது. வயலில் குனிந்து நிமிர்ந்து, வந்து அடுப்பை மூட்டும் பெண்ணிடம் இன்னுமொரு பயிற்சியைக் கொடுத்து, உன் உடம்பை நீயே பார்த்துக்கொள் என்பது பொறுப்பை அவள் தலையிலேயே கட்டுவதுதானே? ஆம், பயிற்சியை மட்டும் கொடுத்தால் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 2017 முதல் 26 வாரம். நடவுக் கூலிக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகக் கிடைக்கும் 18,000 ரூபாய். அந்தத் தொகையைச் சத்துணவுக்கான உதவியாக மட்டும் பார்க்காமல், தசை ஆறும்வரை வேலைக்குப் போகாதிருப்பதற்கான கூலியாகக் கணக்கிட்டு உயர்த்த வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவரின் கையைத் தூக்கப் பழக்கும் அந்த வீட்டுச் சேவைக்குள் பிள்ளை பெற்றவளின் இடுப்புத்தளமும் வர வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஒரு பெண் இயன்முறை மருத்துவரும் தனியாகப் பேச ஓர் அறையும் கிடைத்தால் போதும்.

கிராம சுகாதார செவிலியர்கள் பிரசவம் முடிந்த 42-ஆம் நாளுக்குள் தாயிடம் மூன்று கேள்விகளைத் தாங்களாகவே கேட்கத் தொடங்கட்டும்: இருமினால் சிறுநீர் சொட்டுகிறதா, கீழே ஏதாவது தட்டுப்படுகிறதா, மலம் போக முக்க வேண்டியிருக்கிறதா? இதைப் படிக்கும் பெண்களும் தங்களையே இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கூச்சப்படாமல், அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பயிற்சியும் வளையமும் பார்த்தாயிற்றா என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.